சாவியைக் காணோம் என்று கதவைக் கழற்றலாமா?

எங்கள் வீட்டில் இரண்டு கணினிகள். மாடியில் என் டெஸ்க்டாப், கீழே மனைவியின் லேப்டாப். பழைய குடும்பப் படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் வைத்து, அவளும் பார்க்கட்டும் என்று ஷேர் செய்திருந்தேன். ஒருநாள் லேப்டாப்பில் அந்த ஃபோல்டர் திறக்கவில்லை. அனுமதி இல்லை என்றது.

கணினி தெரிந்த பையன் ஒருவனைக் கூப்பிட்டேன். ஃபயர்வாலை அணைத்தான். பாஸ்வேர்டு கேட்பதை நிறுத்தினான். 'எவ்ரிஒன்' என்ற பெயருக்கு 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்தான். பத்தே நிமிடத்தில் படங்கள் வந்துவிட்டன. எனக்கும் சந்தோஷம்தான்.

அடுத்த மாதம் விடுமுறைக்கு வந்த பேரன், தன் லேப்டாப்பில் அந்த ஃபோல்டரைப் பார்த்து, ஒரே படம் இரண்டு முறை இருப்பதாக நினைத்து 'சுத்தம்' செய்துவிட்டான். ரீசைக்கிள் பின்னில் தேடினேன். நெட்வொர்க் வழியாக அழிக்கும் ஃபைல் பொதுவாக அதில் விழாது என்று அன்றுதான் தெரிந்தது. பாதிப் படங்களுக்கு பென்டிரைவில் பிரதி இருந்தது. மீதி போனது போனதுதான். அசல் ஆல்பம் 2015 வெள்ளத்திலேயே நனைந்து ஒட்டிப்போய்விட்டது.

பேரன்மேல் எனக்குக் கோபமில்லை. காரணம் கேட்காமல் காரியம் முடிந்தால் போதும் என்றிருந்த என்மேல்தான் கோபம். சாவியைக் காணோம் என்றால் கதவையா கழற்றி வைப்போம்?

ஃபோல்டர் திறக்காவிட்டால், தடை எங்கே என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கணினியின் பெயரைத் தட்டினால் வரவில்லையா? \\192.168.1.5 என்பதுபோல் அதன் ஐ.பி. எண்ணைத் தட்டுங்கள். வந்துவிட்டால் கோளாறு பெயரில்தான். வீட்டு வைஃபை 'பப்ளிக்' என்றிருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். உள்ளே நுழைய நாம் தினமும் போடும் பின் நம்பர் இங்கே செல்லாது, கணக்கின் பாஸ்வேர்டே வேண்டும். ஃபோல்டரில் 'ஷேரிங்', 'செக்யூரிட்டி' என்று இரண்டு இடங்களில் அனுமதி உண்டு. இரண்டில் எது கண்டிப்பானதோ அதுவே செல்லும்.

பழைய எஸ்.எம்.பி. 1 முறையை 'ஆன்' செய்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிவைத்த வான்னாக்ரை வைரஸ் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான்.

எங்கள் வீட்டுக் கோளாறு என்ன தெரியுமா? டெஸ்க்டாப்பில் நான் பாஸ்வேர்டை மாற்றியிருந்தேன். லேப்டாப் பழையதையே நினைவில் வைத்திருந்தது. 'கிரெடென்ஷியல் மேனேஜர்' போய் அதை நீக்கிவிட்டுப் புதியதைக் கொடுத்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

இப்போது ஃபயர்வாலும் பாஸ்வேர்டும் பழையபடி இருக்கின்றன. மற்ற கணினிகளிலிருந்து படங்களைப் பார்க்கலாம், அழிக்க முடியாது. பென்டிரைவ் பிரதி அலமாரியில். உங்கள் வீட்டுக்கு யாராவது சரிசெய்ய வந்தால், "என்ன காரணம் தம்பி?" என்று முதலில் கேளுங்கள். வேலை முடிந்ததும், எதையெல்லாம் அணைத்தான் என்றும் கேட்டு எழுதி வையுங்கள்.