சுண்டைக்காயும் சுமைகூலியும்

“சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்னும் பழமொழியின் பொருளை நம் உறுப்பினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சந்தைக்குச் சரக்குக் கொண்டு சென்றவர் எவரும் அதனை நேரிற் கண்டிருப்பர். அப்பழமொழி இன்று இணையவழி ஏலங்களிலும் மெய்யாகி வருகிறது. பொருளின் விலையை ஏலமே முடிவு செய்துவிடுகிறது. அதனை அனுப்பும் தபால் செலவைப் பற்றித்தான் மனத்தாங்கல் எழுகிறது. அச்செலவைக் குறைக்குமாறு கேட்பது முறையா? முறையாயின் எப்போது கேட்பது, எவ்வாறு கேட்பது?

இவ்வகை ஏலத்திற்குப் பெயர்பெற்ற ஈபே நிறுவனம் 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றியது. 2004-இல் பாஸி என்னும் இந்திய நிறுவனத்தை வாங்கி நம் நாட்டிலும் கால் ஊன்றியது. அதன் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டதாயினும், இங்குள்ளோர் அதன் வாயிலாக அயல்நாட்டாருக்கு விற்கும் வழி அடைபடவில்லை. பழைய தறி நாடா, இராட்டை, சேலை, நாணயம், தபால் தலை ஆகிய யாவும் அங்கு ஏலத்திற்கு வருகின்றன. ஆகவே இது நமக்குத் தொடர்பற்ற செய்தியன்று.

தபால் செலவின்மீது ஐயம் பிறந்ததற்குக் காரணம் உண்டு. தொடக்க காலத்தில் ஈபே தன் தரகைப் பொருளின் விலைமீது மட்டுமே விதித்தது. தபால் கட்டணத்தின்மீது விதிக்கவில்லை. எனவே விற்போர் சிலர் விலையைக் குறைத்துத் தபால் செலவை உயர்த்தித் தரகை மிச்சம் பிடித்தனர். இதில் மற்றொரு சூதும் இருந்தது. உசைன், மார்கன் என்னும் பொருளியலறிஞர் இருவர் இசைத்தட்டுகளையும் விளையாட்டுத் தட்டுகளையும் ஏலம் விட்டு ஆராய்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். தொடக்க விலை 4 டாலர், தபால் செலவு இல்லை என ஒரு முறையும், தொடக்க விலை 1 சென்ட், தபால் செலவு 3 டாலர் 99 சென்ட் என மறு முறையும் வைத்துப் பார்த்தனர். கூட்டினால் இரண்டும் ஒன்றே. ஆயினும் இரண்டாம் முறையிலேயே கேட்போர் மிகுந்தனர். மொத்த வரவும் சராசரியாக மிகுந்தது. மனிதர் விலையைப் பார்க்கின்றனர். கூலியைக் கூட்டிப் பார்க்க மறக்கின்றனர். 2011-இல் ஈபே அமெரிக்காவில் தபால் கட்டணத்தின்மீதும் தரகு விதித்தபோதுதான் இச்சூதின் ஆதாயம் குறைந்தது.

உழவர்களுக்கு இது புதிய கதையன்று. விலை பேசி முடித்த பின்னர் மகமை என்றும், தரகு என்றும், மாதிரி என்றும் பிடித்தம் செய்யும் கொடுமையை ஒழிக்கவன்றோ 1933-இல் சென்னை மாகாணத்தில் வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது? கூலியும் பிடித்தமும் விலை பேசுமுன்னரே தெரிந்திருத்தல் வேண்டும் என்பதே அதனால் நாம் பெற்ற பாடம். இணைய ஏலத்திற்கும் அதுவே அளவுகோல். ஏலம் முடியுமுன் கேட்பது வாங்குவோரின் உரிமை. முடிந்தபின் குறைக்கச் சொல்வது முறைகேடு. இதுவே நம் கருத்து.

“கேட்டுப் பார்ப்பதில் என்ன குறைந்துவிடும்?” என்பர் சிலர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சேலைக்குத் தபால் செலவு 200 ரூபாய் என அறிவிக்கப்பட்டுள்ளது. ஒருவர் 500 ரூபாய் வரை கேட்டு, கூலியும் சேர்ந்தால் 700 ஆகிறதே என்று விலகிக்கொள்கிறார். மற்றொருவர் 510 ரூபாய்க்கு எடுத்துவிடுகிறார். எடுத்தபின் வாதாடித் தபால் செலவை 100 ஆக்கிக்கொண்டால் அவர் கொடுப்பது 610 ரூபாய்தான். 700 ரூபாய் கொடுக்க இசைந்தவர் வெறுங்கையுடன் போக, 610 கொடுத்தவர் சேலையைப் பெறுகிறார். நட்டம் விற்றவருக்கு மட்டுமன்று. அறிவித்த கூலியை நம்பி விலகியவருக்கும் அநீதி இழைக்கப்படுகிறது. ஏலம் முடிந்தபின் விற்பவர் கூலியை உயர்த்துவாராயின் அதுவும் இதே குற்றமே.

முன்கூட்டிக் கேட்பதிலும் பண்பாடு உண்டு. “இது கொள்ளை” என்று தொடங்குதல் ஆகாது. தம் ஊரையும் அஞ்சல் குறியீட்டெண்ணையும் தெரிவித்து, “மெதுவாகச் செல்லும் மலிவான தபாலில் அனுப்ப இயலுமா? இரண்டு பொருள்களை ஒரே கட்டாக அனுப்பினால் எவ்வளவு ஆகும்?” என்று கேட்பதே அழகு. ஒரே கட்டாக அனுப்பும்போது மிச்சமாகும் தொகையில் வாங்குபவருக்குப் பங்கு உண்டு; அதைக் கேட்க நாண வேண்டியதில்லை.

கூலி மிகுதியாகத் தோன்றினாலும் உடனே ஐயுறலாகாது. கூரியர் நிறுவனங்கள் பல நிறையை மட்டுமன்றிப் பருமனையும் கணக்கிடுகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பெருவழக்கு. 50, 40, 30 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியில் வைத்த இராட்டை 3 கிலோவே இருந்தாலும் 12 கிலோவுக்குரிய கூலி கேட்கப்படும். மேலும், பொருள் வந்து சேரவில்லை என்று வாங்கியவர் முறையிட்டால், சேர்ந்ததற்குச் சான்று காட்ட இயலாத விற்பனையாளரே பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஈபேயின் விதி. ஆகவே பதிவற்ற மலிவுத் தபாலில் அனுப்ப அவர் மறுத்தால் அதனைப் பேராசை என்று கருதுவது தவறு.

விற்போருக்கும் கடமை உண்டு. கட்டிய பின்னரே பொருளை நிறுக்க வேண்டும். அட்டைப்பெட்டிக்கும் கட்டுகூலிக்கும் சிறு தொகை சேர்ப்பது நியாயமே. அதை முன்னரே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். தபால் செலவை இலாபத்தின் மறைவிடமாக்குதல் கூடாது. சுங்கவரியைக் குறைப்பதற்காக, விற்ற பொருளை அன்பளிப்பு என்று எழுதித் தருமாறு வாங்குவோர் வேண்டினால் உறுதியாக மறுத்துவிட வேண்டும். அது பேரமன்று, பொய்.

பொருள் கைக்கு வந்தபின், ஒட்டிய தபால் தலையைக் கண்டு சில ரூபாய் வேறுபாட்டுக்குச் சினப்பது சிறுமை. இரு மடங்கு வாங்கியிருப்பின், முதலில் விற்றவருக்குத் தனியே எழுதி விளக்கம் கேட்பதே தக்கது. 2008 முதல் ஈபேயில் விற்பவர் வாங்கியவரைக் குறைகூறி மதிப்புரை எழுத இயலாது, வாங்கியவரோ எழுதலாம். எதிர்ப்பவர் கையில் ஆயுதமில்லாதபோது ஓங்கிய கையை அடக்குவதே பெருமை. “கூலியைக் குறைக்காவிடில் மதிப்புரையைக் கெடுப்பேன்” என்பது பேரம் பேசுவதன்று, மிரட்டிப் பறிப்பது.

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடை திறந்த முன்னோடிகளுள் நெசவாளர் பலர். கலப்படமற்ற சரக்கும் குறையாத நிறையுமே அவர்கள் நாட்டிய கொடி. அவ்வழி வந்த நாம், முகம் காணாத ஒருவரிடம் வாங்கும்போதும் விற்கும்போதும் அதே நேர்மையைக் கைக்கொள்ள வேண்டும். ஏலம் கேட்குமுன் விலையையும் கூலியையும் கூட்டிப் பாருங்கள். கேட்க வேண்டியதை அப்போதே கேளுங்கள். கேட்டு முடித்தபின் சொன்ன தொகையை முகம் கோணாது செலுத்துங்கள்.