வாடகைக்கு வீட்டு விலை: மொபைலில் ஐயாயிரம் ரூபாய் கேம்

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தையில் பாண்டிச்சேரிப் பையன்கள் பேரம் பேசும் அழகைப் பார்க்க வேண்டும். 400 ரூபாய் சொல்லும் டி-ஷர்ட்டை 200-க்குக் கேட்பார்கள். "வராது தம்பி" என்றால் பத்தடி நடந்து போவார்கள். கடைக்காரர் கூப்பிட்டதும் திரும்பி வந்து 250-க்கு முடிப்பார்கள். அதற்கு முன்னால் சட்டையை உள்பக்கம் திருப்பி தையல் பிரியுமா, சாயம் போகுமா என்று ஒரு ஆராய்ச்சி வேறு.

அதே பையன் மொபைலில் "வாங்கு" பட்டனைப் பார்த்ததும் இந்த ஞானமெல்லாம் எங்கோ ஓடிப் போய்விடுகிறது. ஐயாயிரம் ரூபாய் கேமாக இருந்தாலும் சரி, தையலைப் பார்ப்பதில்லை. "கன்சோல் குவாலிட்டி மச்சி" என்று ஒரே வார்த்தையில் மேட்டரை முடித்துவிடுகிறான்.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? 2023 செப்டம்பரில் ஐபோன் 15 ப்ரோவை அறிமுகப்படுத்தியபோது ஆப்பிள் பெருமையாகச் சொன்ன விஷயங்களில் ஒன்று, கன்சோலில் ஓடும் பெரிய கேம்கள் இனி போனிலேயே ஓடும் என்பது. சொன்னது பொய் இல்லை. அக்டோபர் கடைசியில் ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் வந்தது. டிசம்பரில் ரெசிடென்ட் ஈவில் 4. 2024 ஜனவரியில் டெத் ஸ்ட்ராண்டிங். ஜூனில் அசாசின்ஸ் க்ரீட் மிராஜ். ரெசிடென்ட் ஈவில் 4-இன் அமெரிக்க விலை 59.99 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஐயாயிரம் ரூபாயை ஒட்டி வரும். மிராஜ் 49.99 டாலர்.

ஓடுகிறது, சரி. அந்த விலைக்கு வாங்கலாமா? கூடாது. காசு இல்லாத வயிற்றெரிச்சலில் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம் :-) கணக்கு போட்டுப் பார்த்தாலே விடை வந்துவிடும்.

கணக்கு 1: "போன்தான் ஏற்கனவே கையில் இருக்கே!"

முழு விலை கோஷ்டியின் முதல் வாதம் இது. பிளேஸ்டேஷன் வாங்கினால் மெஷினுக்குத் தனியாக அழ வேண்டும், டிவி வேண்டும், வீட்டில் அந்த டிவியை சீரியலிடமிருந்து மீட்க வேண்டும். போன் எப்படியும் வாங்கியாக வேண்டிய பொருள். ஆகவே கேமுக்கு மட்டும்தான் செலவு என்பார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்து விலைப்பட்டியலைப் பாருங்கள். இந்தியாவில் ஐபோன் 15-இன் அறிமுக விலை 79,900 ரூபாய். அதில் இந்த கேம்கள் ஓடாது. ஓடும் மாடலான 15 ப்ரோவின் விலை 1,34,900 ரூபாய். வித்தியாசம் 55,000. அதே சமயத்தில் டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் 5-இன் விலை 54,990. ஆக, கேமுக்காக ப்ரோவுக்குத் தாவியவர் ஒரு முழு பிளேஸ்டேஷனின் விலையை ஏற்கனவே கொடுத்துவிட்டார், பத்து ரூபாய் கூடவே சேர்த்து. பிளேஸ்டேஷன் மட்டும் வீட்டுக்கு வரவில்லை.

"அப்பா, இது வெறும் போன் இல்லப்பா, கேம் மெஷினும் இதுலயே வந்துடும், ஒரே செலவு" என்று வீட்டில் பேசி இஎம்ஐக்கு சம்மதம் வாங்கும் பையன்கள் பாண்டியிலும் உண்டு. மாதாமாதம் தவணை போவது அப்பாவின் சம்பளத்திலிருந்து. கேம் மெஷின் இலவசம் என்று அவரிடம் சொன்னது, தெரிந்தோ தெரியாமலோ, தப்புக் கணக்கு.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2024 செப்டம்பரில் வந்த சாதா ஐபோன் 16-லேயே இந்த வகை கேம்கள் ஓடுகின்றன. அதன் அறிமுக விலையும் 79,900-தான். எனவே இந்த 55,000 ரூபாய் வாதத்துக்கு இப்போது பழைய பலம் இல்லை. பரவாயில்லை, உண்மையான அடி அடுத்த கணக்கில் இருக்கிறது.

கணக்கு 2: தேய்மானம்

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு முதலினச் செலவு, வருவாயினச் செலவு இரண்டும் ஞாபகம் இருக்கும். பல வருடம் பயன் தரும் இயந்திரம் வாங்கினால் முதலினச் செலவு. மாத வாடகை, கரண்டு பில் எல்லாம் வருவாயினச் செலவு. இயந்திரத்துக்குப் பெரிய தொகை கொடுப்பது ஏன்? அது நிற்கும், வருடக்கணக்கில் உழைக்கும், கடைசியில் விற்றால் கொஞ்சம் தேறும். அந்தக் கடைசித் தொகைக்கு இறுதி மதிப்பு என்று பெயர்.

இப்போது 5,000 ரூபாய்க்கு ஒரு கன்சோல் டிஸ்க். விளையாடி முடித்து 2,000-க்கு விற்றால் உண்மைச் செலவு 3,000. விற்காமல் வைத்திருந்தாலும் பொருள் கையில் இருக்கிறது. 2004-இல் வாங்கிய ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் டிஸ்க், கீறல் விழாமல் இருந்தால், ஓடுகிற பிளேஸ்டேஷன் 2-இல் இன்றைக்கும் ஓடும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மொபைல் கேமுக்கு இறுதி மதிப்பு? பூஜ்யம். விற்க முடியாது. பக்கத்து பெஞ்ச் நண்பனுக்கு ஒரு வாரம் இரவல் தர முடியாது. சரி, ஆயுளாவது உண்டா? சரித்திரத்தைக் கேட்போர் கேட்கலாம்.

பயோஷாக் என்று ஒரு புகழ்பெற்ற கேம். 2007-இல் கம்ப்யூட்டருக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் வந்தது. 2014 ஆகஸ்டில் ஐபோனுக்கு வந்தபோது விலை 14.99 டாலர். அன்றும் இதே "கன்சோல் குவாலிட்டி" கோஷம்தான். அடுத்த வருடமே ஐஓஎஸ் அப்டேட் ஒன்றில் கேம் படுத்துக்கொண்டது, ஆப் ஸ்டோரிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். காசு கொடுத்தவர்களுக்கு ஒரு வருடம் தாண்டுவதே பாடாகிவிட்டது. 2007-இன் கம்ப்யூட்டர் பதிப்பு இன்னும் ஓடுகிறது.

இன்ஃபினிட்டி பிளேடின் கதை அதைவிடச் சுவாரசியம். 2010 செப்டம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸ் நடத்திய நிகழ்ச்சியில் இதைத்தான் காட்டினார்கள். "போனில் இப்படியா!" என்று ஊரே வாய் பிளந்தது. டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 2018 டிசம்பரில் அதன் மூன்று பாகங்களையும் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பராமரிப்பது கஷ்டமாகிவிட்டது என்பதே சொன்ன காரணம்.

நடுவில் 2017 செப்டம்பரில் ஐஓஎஸ் 11 வந்தது. 32-பிட் ஆப்கள் எதுவும் அதில் திறக்காது. தயாரித்தவர் மெனக்கெட்டு 64-பிட்டுக்கு மாற்றிக் கொடுத்திருந்தால் பிழைத்தது, இல்லையென்றால் வாங்கியவரின் காசு அம்போ.

இதில் ஒரு கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. போன் என்ற பொருளின் இயல்பே அது. கன்சோலின் உள்ளமைப்பு ஐந்தாறு வருடம் பெரிதாக மாறாது, அதனால் அதற்கு எழுதிய கேமும் அசையாது. போனில் வருடாவருடம் புது மாடல், வருடாவருடம் புது இயங்குதளம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் யாராவது உட்கார்ந்து கேமைச் சரிசெய்து கொண்டே இருக்க வேண்டும். அதற்குச் சம்பளம் யார் தருவது? ஒருமுறை காசு வாங்கிவிட்ட கேமிலிருந்து மறுபடி வருமானம் கிடையாது. எனவே ஒரு நாள் நிறுத்திவிடுவார்கள். வியாபாரக் கணக்கில் அது சரியான முடிவும்கூட.

இதற்கு மேல் இன்னொன்று. 2025 ஏப்ரலில் ஐபோனின் ரெசிடென்ட் ஈவில் கேம்களுக்கு ஒரு அப்டேட் வந்தது. அதன் பிறகு கேமைத் திறக்கும்போதே "நீ காசு கொடுத்தவன்தானா" என்று இணையத்தில் சரிபார்க்கக் கேட்டது. தனியாக உட்கார்ந்து விளையாடும் கேமுக்கு! ஈசிஆரில் சென்னை பஸ்ஸில் போகும்போது சிக்னல் போன நேரத்தில் விளையாடலாம் என்றுதானே மொபைலில் வாங்கியதே? வாங்கியவரைக் கேட்காமல், வாங்கிய பிறகு, பொருளின் விதியை மாற்ற முடிகிறது என்றால் அது வாங்கிய பொருளே இல்லை, குடியிருக்கும் வாடகை வீடு. ஆணி அடிக்கவும் ஓனரைக் கேட்க வேண்டும். வாடகை கொடுப்பதில் தப்பில்லை, வாடகை வீட்டுக்குக் கிரயப் பத்திர விலை கொடுப்பதுதான் தப்பு.

கணக்கு 3: சித்திரை மாசம், பேட்டரி, விரல்

போனுக்குள் ஃபேன் கிடையாது. பெரிய கேம் ஓடும்போது சிப் சூடாகும். சூடு ஏறினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், திரை வெளிச்சத்தையும் குறைக்கும். கலிபோர்னியாவில் ஏசி அரங்கில் காட்டிய படமும், சித்திரை மாசத்துப் புழுக்கத்தில் லாஸ்பேட்டை மொட்டை மாடியில் கிடைக்கும் படமும் ஒன்றாக இருக்காது. பேட்டரி கரைகிறதே என்று சார்ஜரைச் செருகினால் சூடு இன்னும் ஏறும்.

அடுத்தது விரல். கன்சோல் கேம் இரண்டு குச்சி, பத்துப் பதினைந்து பட்டன் உள்ள கன்ட்ரோலருக்காக எழுதப்பட்டது. அதைக் கண்ணாடித் திரைமேல் வரைந்து வைத்தால் ஆறு அங்குலத் திரையில் பாதியைக் கட்டைவிரல்களே மறைத்துக்கொள்ளும். கன்ட்ரோலர் வாங்கலாம், இன்னும் சில ஆயிரம். போனோடு ஒரு கன்ட்ரோலரையும் பையில் சுமந்து திரிவதென்றால் "பாக்கெட்டில் கன்சோல்" என்ற பேச்சையே விட்டுவிடலாம்.

எதிர்க்கட்சிக்கு நேரம்

மறுபக்கத்தில் உண்மையிலேயே பலமான வாதம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்தால் இந்தக் கட்டுரை போங்காட்டம் ஆகிவிடும்.

"யாரும் காசு கொடுத்து வாங்காவிட்டால் மொபைலில் நல்ல கேமே வராது. இலவசம் என்று உள்ளே இழுத்து, விளம்பரத்தால் கொன்று, 'பெட்டியைத் திற, அதிர்ஷ்டம் பார்' என்று சின்னப் பையன்களிடம் சூதாட்டப் பாணியில் பிடுங்கும் கேம்கள்தான் மிஞ்சும். முழு விலை கேம்தான் நாணயமானது, ஒரு தடவை காசு கொடுத்தால் தொல்லை விட்டது."

கவலை நியாயமானது, முதல் பாதி நூற்றுக்கு நூறு உண்மை. துப்பாக்கிக்கு மினுமினுப்புச் சட்டை போடுவதற்காக நூறு, இருநூறு என்று கட்டி, வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்து மயங்கி விழுந்தவர்கள் எந்த ஊரிலும் உண்டு. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். திருட்டு சிடி காலத்து புத்தி போகத்தான் வேண்டும். ஆனால் "காசு கொடு" என்பதும் "கன்சோல் விலை கொடு" என்பதும் ஒன்றாகாது.

ஏலியன்: ஐசொலேஷனைப் பாருங்கள். 2014-இன் அசல் கன்சோல் கேம். 2021 டிசம்பரில் ஃபெரல் இன்டராக்டிவ் அதை ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் முழுசாகக் கொண்டுவந்தது. விலை 14.99 டாலர். ஸ்டார்ட்யூ வேலி கம்ப்யூட்டரில் 14.99 டாலர், 2018-இல் மொபைலுக்கு வந்தபோது 7.99. ஒரு விவசாயப் பண்ணைக்குள் நூறு மணி நேரம் தொலைந்து போகலாம், விளம்பரம் கிடையாது. சீட்டுக்கட்டை வைத்து ஆடும் பலாட்ரோ, 2024 செப்டம்பரில் 9.99 டாலர். விரலால் தொட்டு ஆடவே பிறந்தது போல இருக்கும், சூடும் ஏறாது. இவற்றை விற்றவர்கள் யாரும் தர்மத்துக்கு விற்கவில்லை. போனில் கிடைக்கும் பொருளின் ஆயுளுக்கும் வசதிக்கும் தக்க விலையை வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஐயாயிரம் ரூபாய் கோஷ்டிக்குச் சந்தையே பதில் சொல்லிவிட்டது. ஆப்ஃபிகர்ஸ் நிறுவனத்தின் மதிப்பீடு 2024 ஜூனில் வெளியானது. அதன்படி மிராஜைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் அப்போது 3,000 பேருக்கும் குறைவு. ரெசிடென்ட் ஈவில் 4-ஐ வாங்கியவர்கள் சுமார் 7,000 பேர். இலவசமாக இறக்கி ஆரம்பப் பகுதியை ஆடிப் பார்த்தவர்களோ லட்சக்கணக்கில். கம்பெனிகளே சொன்ன கணக்கல்ல, வெளியார் மதிப்பீடுதான். முன்னே பின்னே இருந்தாலும் திசை தெளிவு. உலகமே தையலைப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கீழே வைத்துவிட்டது.

"கன்சோலிலும் டவுன்லோடு செய்து வாங்குவது வெறும் உரிமம்தானே?" என்று இன்னொரு கேள்வி வரும். ஆமாம். யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-இல் தி க்ரூ கேமின் சர்வரை மூடியதும், கன்சோலில் டிஸ்க் வைத்திருந்தவர்களுக்குக்கூட கேம் செத்துப் போனது. உரிமத்தை விற்றுவிட்டு "வாங்கு" என்று மொட்டையாக எழுதக் கூடாது, உரிமம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் சட்டமே போட்டு, 2025 ஜனவரியிலிருந்து அது அமலில் இருக்கிறது. நோய் எல்லா இடத்திலும் பரவுகிறது. அதனால் மொபைலில் அந்த நோய்க்கு அதிக விலை கொடுக்கலாம் என்று ஆகிவிடுமா என்ன?

ஆக மொத்தம்

ஐயாயிரம் ரூபாய் என்பது பி.காம் படிக்கும் ஒரு பையனுக்குச் சின்னத் தொகை அல்ல. கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தி பரிமாறி அதைச் சேர்க்க எத்தனை வாரம் ஆகும் என்று, சேர்த்தவனுக்குத் தெரியும். அந்தக் காசில் கேம் வாங்குவது தப்பே இல்லை. உழைத்த காசு, அவன் இஷ்டம். வாங்கும் முன் காந்தி வீதியில் செய்வதையே இங்கும் செய்தால் போதும்: உள்பக்கம் திருப்பிப் பார்ப்பது. சிக்னல் இல்லாமல் ஓடுமா? தொடுதிரைக்கென்று செய்ததா? இரண்டு வருடம் கழித்துப் போனை மாற்றினால் கூட வருமா? அதே காசுக்கு டிஸ்க் கிடைக்குமா?

ஆப் ஸ்டோரில் பேரம் பேச ஆள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பத்தடி நடந்து போக அங்கேயும் யாரும் தடை சொல்லவில்லை. போய்ப் பாருங்கள், கூப்பிடுவார்கள். ரெசிடென்ட் ஈவில் 4 வந்த முதல் நாளே பாதி விலைத் தள்ளுபடியில்தான் வந்தது :-)