தண்டவாளத்துக்குள் ஒளிந்திருக்கும் கீறல்!
ஒலியை அனுப்பிக் கண்டுபிடிக்கிறார்கள்

வருசநாட்டு மக்கள் ரெயில் ஏற வேண்டுமானால் மலையடிவாரத்தை விட்டு ஆண்டிபட்டிக்கோ தேனிக்கோ வரவேண்டும். அந்த ரெயிலும் பல ஆண்டுகள் இல்லாமல் இருந்தது. அகலப் பாதை போடுவதற்காக மதுரை–போடி ரெயிலை 2010-ம் ஆண்டுக் கடைசியில் நிறுத்தினார்கள். 2022 மே 26-ந் தேதி தேனிக்கும், 2023 ஜூன் 15-ந் தேதி போடிக்கும் ரெயில் மறுபடியும் வந்தது. போடியில் ஏறிச் சென்னையில் இறங்கலாம் என்ற நிலை வந்தது.

பழைய ரெயிலில் போனவர்களுக்கு "தடக், தடக்" என்ற சத்தம் நினைவிருக்கும். இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடைவெளியில் சக்கரம் ஏறி இறங்கும் சத்தம் அது. இந்தக் காலத்துப் பாதைகளில் அந்தச் சத்தம் குறைந்துவிட்டது. காரணம், வெல்டிங். 260 மீட்டர் நீளத் தண்டவாளங்களைக் கொண்டுவந்து, பாதையிலேயே ஒன்றோடு ஒன்று பற்றவைத்துவிடுகிறார்கள்.

சத்தம் போய்விட்டது. ஆபத்தும் போய்விட்டதா?

வெளியே மினுமினுப்பு, உள்ளே ஓட்டை

பாதையில் நடக்கும் வெல்டிங், தீபாவளி வாணம் போல இருக்கும். அலுமினியத் தூளையும் இரும்பு ஆக்சைடையும் கலந்து மூசையில் போட்டுப் பற்றவைப்பார்கள். சுமார் 2,500 டிகிரி வெப்பம் கிளம்பும். உருகிய இரும்புக் குழம்பு, இரு தண்டவாளங்களுக்கு நடுவே மண் அச்சுக்குள் இறங்கி உறையும்.

அச்சில் கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும், குழம்புக்குள் காற்றுக் கொப்புளம் உண்டாகிவிடும். தண்டவாள முனைகளை முன்கூட்டியே சரியாகச் சூடாக்காவிட்டால் இரும்பு ஒட்டாது. மேலே தேய்த்து மழமழப்பாக்கிய பிறகு, கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான்!

ரெயில் போகப் போக உள்ளே இருக்கும் கீறல் வளரும். குளிர்ந்த விடியற்காலையில் இரும்பு சுருங்கும்போது அது விரிந்து, தண்டவாளமே முறியலாம்.

பானை வாங்கும் பெண்களின் வித்தை

சந்தையில் பானை வாங்கும் பெண்கள் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். "டங்" என்றால் நல்ல பானை. "டப்" என்றால் கீறல் விட்ட பானை. விஞ்ஞானிகள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். தட்டுவது மட்டும் காதுக்குக் கேட்காத ஒலியால்.

மனிதக் காது விநாடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். தண்டவாளச் சோதனையில் விநாடிக்கு 20 லட்சம் அதிர்வும் அதற்கு மேலும் உண்டு. இரும்புக்குள் இந்த ஒலி விநாடிக்குச் சுமார் 5,900 மீட்டர் ஓடும். கீறலுக்குள் காற்று இருக்கிறதல்லவா? அதில் மோதியதும் திரும்பிவிடும். எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்று பார்த்தால், கீறல் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

போடிக்கு முதன்முதலில் ரெயில் வந்தது 1928-ல். உலோகத்தின் கோளாற்றை ஒலியால் காணலாம் என்று ரஷ்ய விஞ்ஞானி சோகோலோவ் சொன்னதும் அதே ஆண்டில்தான்!

தள்ளுவண்டி போன்ற கருவியைத் தண்டவாளத்தின் மேல் நடந்தபடி தள்ளிக்கொண்டு போவார்கள். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் இடையிலுள்ள காற்றே ஒலியைத் தடுத்துவிடும். நேர் கீழே போகும் ஒலி, படுத்திருக்கும் கீறலைத்தான் காணும். நின்றிருக்கும் கீறல் அதற்குத் தப்பிவிடும். அதனால் 45 டிகிரி, 70 டிகிரி என்று சாய்த்தும் அனுப்புகிறார்கள்.

இப்போது வந்துள்ள நவீன கருவிகளில் ஒரே தலைக்குள் 16, 32, 64 என்று ஒலிக்கும் துண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இம்மி நேரம் முந்திப் பிந்தி ஒலிக்கும். கருவியைத் திருப்பாமலே ஒலி பல கோணங்களில் விசிறி போலப் பரவும். திரையில் படம் விழும். படம் பதிவாகியும் இருக்கும்.

கீறல் தெரிந்தும் விபத்து!

இந்தப் பதிவுதான் முக்கியம் என்று நமக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் ஹாட்பீல்டு என்ற ஊரருகே 2000 அக்டோபர் 17-ந் தேதி ரெயில் கவிழ்ந்து 4 பேர் இறந்தார்கள். அது வெல்டிங் கோளாறு அல்ல. தேய்ந்த தண்டவாளத்தில் விழுந்த கீறல்கள். தண்டவாளம் 300-க்கு மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியது. அது கெட்டுப்போயிருப்பது முன்பே தெரியும். மாற்றுத் தண்டவாளம்கூடப் பக்கத்திலேயே கிடந்தது. மாற்றத்தான் இல்லை!

பழைய கருவியில் திரையில் ஒரு கோடு துள்ளும், மறையும். பார்த்தவர் ஒருவர்தான். அவர் களைத்திருந்தால்? குறித்ததை மேலே உள்ளவர்கள் ஒதுக்கி வைத்தால்? பதிவு இருந்தால் இன்னொருவர் சரிபார்க்கலாம். ஆறு மாதம் கழித்து, கீறல் வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடலாம். "எனக்குத் தெரியாது" என்று யாரும் தப்பிக்க முடியாது.

கோளாறான இணைப்புக்கு உடனே இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து இறுக்குவார்கள். ரெயில் மெதுவாகப் போகும். பிறகு அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைப்பார்கள். இதற்கெல்லாம் நேரம் வேண்டும். போடிப் பாதையில் ரெயில்கள் குறைவு. அடுத்தடுத்து ரெயில் வரும் மதுரை–திண்டுக்கல் பாதையில் இந்த நேரத்தை ஒதுக்குவது சுலபம் அல்ல. கருவி வாங்கப் பணம் ஒதுக்கினால் மட்டும் போதாது. ரெயிலை நிறுத்தி வைக்கவும் மனம் வேண்டும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு

ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்த பிள்ளைகள் இந்தச் சோதனைப் பயிற்சியும் பெறலாம். திருச்சி பெல் தொழிற்சாலையைச் சேர்ந்த வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இதற்குப் பெயர் பெற்றது. சான்றிதழில் மூன்று படிகள் உண்டு. ரெயில்வேயில் மட்டுமல்ல, பாய்லர், எண்ணெய்க் குழாய், கப்பல் கட்டும் இடங்களிலும் வேலை இருக்கிறது. ஒலியை வைத்துச் செய்யும் வேலை என்றாலும் ஆண்டுதோறும் சோதிப்பது காதை அல்ல, கண்ணைத்தான். திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டுமல்லவா?