கைப்பைக்குள் மறைத்த அட்டை



நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் ஆராதனை முடிந்தபின் தனியே வந்து, கைப்பையின் உள்ளறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார்கள். பென்சில்வேனியா மாநிலம் வழங்கும் மருத்துவக் கஞ்சா அடையாள அட்டை. "ஐயா, இதை வைத்துக்கொண்டு நான் திருவிருந்தில் பங்குபெறலாமா?" என்று கேட்டார்கள். புற்றுநோய் சிகிச்சையின் குமட்டலால் பல வாரங்களாய்ச் சரியாக உண்ண இயலாதவர்கள். அவர்களுடைய அனுமதியோடே இதை எழுதுகிறேன்.

கஞ்சா என்றதும் நமக்கு ஊரின் காவல் நிலையமும் சீரழிந்த குடும்பங்களும் நினைவுக்கு வருகின்றன. அந்த அச்சம் வீணானதன்று. ஆனாலும் தீர்ப்புச் சொல்லுமுன் இத்திட்டத்தை அறிந்துகொள்ளுங்கள். 2016 ஏப்ரலில் ஆளுநர் டாம் உல்ஃப் கையொப்பமிட்ட சட்டம் இது; விற்பனை 2018 பிப்ரவரியில் தொடங்கிற்று. நோயாளி மாநில சுகாதாரத் துறையில் பதிவு செய்யவேண்டும். சட்டம் குறிப்பிடும் நோய்களில் ஒன்று அவருக்கு உண்டென்று, இதற்கென அங்கீகாரம் பெற்ற மருத்துவர் சான்றளிக்கவேண்டும். பின்பு 50 டாலர் கட்டணத்தில் அட்டை பெற்று, உரிமம் பெற்ற விற்பனை நிலையத்தில் மாத்திரையாகவோ எண்ணெயாகவோ வாங்கலாம். புகைக்க அனுமதியில்லை. காப்பீடும் கைகொடுப்பதில்லை; செலவு முழுவதும் நோயாளியுடையது.

எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு ஏசாயா அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னார். நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். சிலுவையண்டையில் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை நம் ஆண்டவர் மறுத்தாரே என்று சிலர் வாதிப்பார்கள். அவர் தமக்காக மறுத்ததை, பிறர் வலிக்குச் சட்டமாக்க நமக்கு அதிகாரம் தந்தது யார்? கீமோதெரபியின் குமட்டலைத் தணிக்க, வாய்வழி உட்கொள்ளும் இவ்வகை மருந்து உதவுகிறது என்று 2017இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கையும் கூறிற்று. அது புற்றுநோயைக் குணமாக்கும் என்று எவராவது சொன்னால் நம்பாதிருங்கள். களிப்புக்காக நோயாளி வேடம் பூணுகிறவனுக்காகவும் நான் பேசவில்லை.

ஒரு கண்ணியைக் குறித்து மட்டும் எச்சரிக்கிறேன். மாநிலம் அனுமதித்ததை ஒன்றிய அரசின் சட்டம் அனுமதிக்கவில்லை. 1970ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்தது. ஆகையால்தான் மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதாமல் சான்று மட்டும் தருகிறார். நம்மில் பலர் விசாவிலும் கிரீன் கார்டிலும் இருக்கிறோம். மாநிலச் சட்டப்படி பயன்படுத்தினாலும் குடியுரிமை விண்ணப்பத்தில் அது நன்னடத்தைக்குக் குறையாக எண்ணப்படலாம் என்று குடியுரிமைத் துறை 2019 ஏப்ரலில் தெளிவாக்கியது. குடியுரிமை பெறாதவர்கள் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளாமல் பதிவு செய்யவேண்டாம். அட்டை இருந்தாலும் டெலவேர் ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சிக்கு மருந்தைக் கொண்டுபோகலாகாது. இந்தியாவுக்குப் பயணப்படும்போது பெட்டியில் வைப்பதோ பேராபத்து.

அந்தத் தாயார் குடியுரிமை பெற்றவர்கள். அவர்களைத் தாராளமாய்த் திருவிருந்துக்கு வரச் சொன்னேன். ஆனால் சிகிச்சை நாட்களில் விற்பனை நிலையத்திற்குச் செல்ல அவர்களுக்குப் பெலனில்லை; பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறார்கள். நோயாளிக்காக மருந்து வாங்கிவர, பராமரிப்பாளராக ஒருவர் பதிவு செய்துகொள்ள இம்மாநிலச் சட்டம் இடமளிக்கிறது. 21 வயது நிறைந்திருக்கவேண்டும். குற்றப் பின்னணிச் சோதனையும் உண்டு. உங்களில் அமெரிக்கக் குடியுரிமை உள்ள ஒருவர் முன்வந்தால், வருகிற ஞாயிறு ஆராதனைக்கு முன்பே என்னிடம் சொல்லுங்கள். அடுத்த சிகிச்சை அதற்கடுத்த வியாழக்கிழமை.