கைக்குழந்தையிடம் ஆவணம் கேட்கும் தர்க்கம்

தர்க்க விதிகளாக எழுதப்படும் நிரல்களுக்கு, 'இது பொய்' என்றே சொல்லும் இரண்டாவது மறுப்பு எதற்கு, ப்ரோலாக் மொழியின் 'நாட்' போதாதா என்று கேட்கிறார் நண்பர். விதிவிலக்குகளை நிரலாளரே பார்த்து எழுதிக்கொள்ளலாமாம். மற்றதெல்லாம் பேராசிரியர்களின் பொழுதுபோக்காம்.

அந்த 'நாட்' எதையும் பொய் என்று சொல்வதில்லை. நிரூபிக்கப் பார்த்தேன், முடியவில்லை என்கிறது; அவ்வளவுதான். 1978இல் கணினி அறிவியலாளர் கீத் கிளார்க் அதற்கு முறையான விளக்கம் தந்தபோதே, நிரலில் இருப்பதுதான் முழுத் தகவல் என்ற அனுமானம் அடியில் இருந்தது. ரயில் அட்டவணைக்கு அது சரி. மனித விவகாரத்துக்கு?

1986இல் கோவால்ஸ்கி, செர்காட் குழுவினர் பிரிட்டனின் 1981ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தைத் தர்க்க நிரலாக எழுதிக் காட்டினார்கள். நண்பர் தன் கட்சிக்குச் சாட்சியாக இழுத்திருப்பதும் இதைத்தான். சாட்சியை அழைப்பதற்கு முன், சட்டத்தின் முதல் பிரிவையாவது படித்திருக்கலாம். பிரிட்டனில் கைவிடப்பட்டுக் கிடைக்கும் பச்சிளங்குழந்தை, மாறாக நிறுவப்படாதவரை, அங்கேயே தகுதியுள்ள பெற்றோருக்குப் பிறந்ததாகக் கொள்ளப்படும் என்கிறது அது. மாறாக நிறுவுவதென்றால், அங்கே பிறக்கவில்லை என்பதற்கோ, பெற்றோருக்குத் தகுதியில்லை என்பதற்கோ ஆதாரம் காட்டுவது. நண்பரின் ஒற்றை மறுப்போ, பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை என்றாலே பிறக்கவில்லை என்று தீர்ப்பெழுதிவிடும். யாருக்காகச் சட்டம் இந்த விலக்கை வைத்ததோ அந்தக் குழந்தைதான் முதலில் வெளியே போகும்.

'பிறக்கவில்லை' என்பதற்குத் தனிப்பெயரில் ஒரு விதி எழுதிக்கொள்வேன் என்பார். எழுதட்டும். அவர் பின்வாசல் வழியே கொண்டுவருவது, வேண்டாம் என்று முழங்கிய அதே இரண்டாவது மறுப்பு! ஜெல்ஃபாண்டும் லிஃப்ஷிட்ஸும் 1990இல் அதை வெளிப்படையாக மொழிக்குள் வைத்தார்கள். ஒரு கூற்றும் அதன் மறுப்பும் சேர்ந்து நிற்கக்கூடாது என்ற காவலோடு. நண்பரின் நிரலில் அந்தக் காவல், அவருடைய ஞாபகசக்தி.

அந்த மொழியில் ஒரே நிரலுக்கு இரண்டு விடைத்தொகுதி, அதாவது விதிகளோடு ஒத்துப்போகும் இரண்டு முடிவுத் தொகுப்புகள், வருவது குழப்பமாம். இவர் வராவிட்டால் அவர், அவர் வராவிட்டால் இவர் என்ற இரு விதிகளுக்கு வேறு எத்தனை விடை வரவேண்டும்? ப்ரோலாக் அங்கே முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அதுதான் தெளிவு போலும்.

பொழுதுபோக்கு என்றாரே, விண்வெளி ஓடத்தில் பல கோளாறுகள் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று திட்டமிட, ஜெல்ஃபாண்ட் குழு 2001 வாக்கில் எழுதிய நிரல் இந்த மொழியில்தான். கணக்கிடும் செலவு அதிகம் என்பது மெய்யான குறை: மாறிகளே இல்லாத நிரலுக்குக்கூட விடைத்தொகுதி உண்டா என்று கண்டறிவது என்பி-முழுமையான, அதாவது விரைவாகத் தீர்க்கும் பொதுவழி எதுவும் தெரியாத, கணக்கு. நண்பர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் வாதிட ஏதாவது மிஞ்சியிருக்கும்.