உரம் ஊற்றை அடையுமுன்

வண்டிப்பெரியாற்றில் தண்ணீர்க் கவலை என்றால் வெளியூரார் நகைப்பர். பெரியாறு ஊரை ஒட்டி ஓடுகிறது. இரு பருவங்களிலும் மழை பெய்கிறது. தேயிலைச் சரிவுகளின் அடியில் ஊற்றுகள் கசிகின்றன. ஆயினும், நீர் இருப்பது வேறு. குடிக்கத்தக்க நீர் இருப்பது வேறு. நிறமும் மணமும் இன்றித் தெளிந்திருக்கும் நீரிலும் நைட்ரேட் என்னும் உப்பு கரைந்திருக்கக்கூடும். காய்ச்சினால் கிருமிகள் அழியும், நைட்ரேட் அழியாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும்.

இலைக்காகவே வளர்க்கப்படும் பயிர் தேயிலை. ஆதலால் அதற்குத் தழைச்சத்து மிகுதியாக வேண்டும்; அதன்பொருட்டு யூரியா போன்ற உரங்கள் இடப்படுகின்றன. செடி உண்டதுபோக எஞ்சிய சத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மண் அதனைப் பிடித்து வைப்பதில்லை. அடுத்த மழை அதனைக் கீழே இறக்கிவிடுகிறது. கழிவறைக் குழிகளும் மாட்டுத் தொழுவங்களும் இதே வேலையைச் செய்கின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தோட்டத்தை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது.

குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் என்பதே இந்தியத் தர நிர்ணய அமைப்பு வகுத்த எல்லை. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 20 கிலோ நைட்ரஜன் உண்டு. அது முழுவதும் நைட்ரேட்டாகி நீரில் கலந்தால், ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர் தூய நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் இருநூறு! முழுவதும் கலப்பதில்லை என்பது உண்மையே. ஆனால், இடப்படுவதும் ஒரு மூட்டை அன்றே.

இதனால் முதலில் துன்புறுவோர் கைக்குழந்தைகள். 1945ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கிணற்று நீரில் கரைத்த பாலை உண்ட குழந்தைகளின் உடல் நீலம் பாய்ந்ததை ஹண்டர் காம்லி என்னும் மருத்துவர் ஆராய்ந்து, நைட்ரேட்டே காரணம் என வெளியிட்டார். குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழப்பதால் அந்நிறம் தோன்றுகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நாட்டில் 440 மாவட்டங்களில் நைட்ரேட் எல்லை மீறிய இடங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் எடுத்த மாதிரிகளுள் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவை எல்லை கடந்தவை. கேரளத்தின் நிலை அதைவிட மேலானது. காக்க இன்னும் காலம் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

காப்பதற்கு இயந்திரம் போதும் என்பர் சிலர். எதிர்ச்சவ்வூடு பரவல் முறையால் நைட்ரேட்டைப் பிரிக்கலாம், மறுப்பில்லை. ஆனால், அக்கருவி வெளியேற்றும் கழிவு நீரில் அதே நைட்ரேட் செறிந்து மண்ணுக்கே திரும்புகிறது. லயங்களில் வாழும் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கருவி வாங்கவும் இயலாது.

சரிவின் அடியில் உள்ள சதுப்பு நிலமோ இவ்வேலையைச் செலவின்றிச் செய்கிறது. நீர் தேங்கிய மண்ணில் காற்று புகாது. அங்கே மட்கிய இலைகளை உண்டு வாழும் பாக்டீரியாக்கள், தமக்கு வேண்டிய உயிர்வளியை நைட்ரேட்டிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. எஞ்சும் நைட்ரஜனின் பெரும்பகுதி வளியாகிக் காற்றில் கலக்கிறது. காற்றில் ஏற்கெனவே 78 விழுக்காடு நைட்ரஜன்தான், அதனால் தீங்கில்லை. இத்தகைய சதுப்பைப் பயனற்ற நிலம் என்று கருதி வடிகால் வெட்டி உலர்த்துவதைப் போன்ற அறியாமை வேறில்லை. ஓடைக்கரைப் புதர்களைத் 'துப்புரவு' என்னும் பெயரால் சுரண்டி எடுப்பதும் அத்தகையதே.

ஓடையின் இரு கரைகளிலும் சில மீட்டர் அகலத்திற்கு உரமிடாமல் விட்டு, நாணலும் வெட்டிவேரும் மரங்களும் வளரவிட வேண்டும். ஆழப் பாயும் வெட்டிவேர் நைட்ரேட்டை உண்டு தழைக்கும். அதன் புல்லை அவ்வப்போது அறுத்து அகற்றுவது இன்றியமையாதது. அங்கேயே அழுகவிட்டால் உண்டதைத் திருப்பித் தந்துவிடும். தேயிலைக்கு நிழலாகக் கல்யாண முருங்கையை நட்டால் அதன் வேர் முடிச்சுகள் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். அந்த அளவுக்கு உரத்தைக் குறைக்கலாம். உரத்தைப் பெருமழைக்கு முன் மொத்தமாகக் கொட்டாமல், சிறிது சிறிதாகப் பிரித்து இடுவதும் வேண்டும்.

இதற்காகும் இழப்பைத் தொழிலாளியோ சிறு விவசாயியோ தனியே சுமக்க வேண்டும் என்பது நியாயமன்று. ஜெர்மனியின் மியூனிக் நகரம், தன் குடிநீர் ஊறும் மாங்ஃபால் பள்ளத்தாக்கின் உழவர்கள் இயற்கை வேளாண்மைக்கு மாற 1992 முதல் பணம் கொடுத்து வருகிறது. நீரைக் குடிக்கும் நகரம் நிலத்தைக் காப்பவருக்குக் கொடுக்கிறது. பெரியாற்றின் கீழ்ப்பகுதி நகரங்களும் இவ்வழியை எண்ணிப் பார்க்கலாம்.

இம்முறைகளுக்கும் எல்லை உண்டு. ஆழ்துளைக் கிணற்றின் அடியில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட நைட்ரேட்டை எந்த வேரும் எட்டாது. அது நீங்கப் பல ஆண்டுகள் ஆகலாம். ஆகவே, எங்கே எவ்வளவு உள்ளது என்று முதலில் அறிய வேண்டும். நிறம் மாறும் சோதனைத் தாளைக் கொண்டு லயத்து ஊற்றையும் பள்ளிக் கிணற்றையும் மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை மாணவர்களே அளந்து குறிக்கலாம். எல்லையை நெருங்கும் ஊற்று எதுவோ, அதன் மேற்புறச் சரிவிலேயே முதல் வெட்டிவேர் நடப்பட வேண்டும்.