பீரோவுக்குள்ளே பார் கார்டு பழக முடியுமா?



நம் பள்ளியில் இரண்டு கிட்டார் இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் முன்னாடி அவை வெளியே வரும். விழா முடிந்த மறுநாளே பீரோவுக்குள் போய்விடும். அப்புறம் அடுத்த வருஷம்தான்! கிட்டார் பத்திரமாக இருக்கிறது, சரி. வாசிக்கிற விரல்?

நான் கேட்பது ஒன்றுதான். தினமும் மதியம் சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் அந்தக் கிட்டார்களை எங்களிடம் கொடுக்க வேண்டும். "ஆண்டு விழாவுக்குத்தான் இரண்டு வாரம் தருகிறோமே, போதாதா?" என்பீர்கள். போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

சில சுரங்களைச் சேர்த்து ஒரே சமயத்தில் ஒலிக்க வைப்பதுதான் கார்டு. கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். ஆள்காட்டி விரலை ஆறு தந்திக்கும் குறுக்கே, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி வைத்து, மற்ற மூன்று விரலால் வடிவம் பிடித்தால் அது பார் கார்டு. இதில் ஒரு அதிசயம் உண்டு. அதே வடிவத்தை முதல் ஃப்ரெட்டில் பிடித்தால் எஃப். மூன்றில் ஜி, ஐந்தில் ஏ, ஏழில் பி, எட்டில் சி, பத்தில் டி. ஒரு வடிவம் கற்றால் ஆறு கார்டு! பாடுகிறவருக்குச் சுருதி எட்டவில்லையா? எல்லாவற்றையும் ஒரு ஃப்ரெட் கீழே இறக்கி வாசித்தால் போதும்.

கேட்க எவ்வளவு சுலபம்! ஆனால் பிடித்துப் பார்த்தால் 'டப் டப்' என்று செத்த சத்தம்தான் வரும். ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போவது அதைவிடப் பாடு. ஏனென்றால் வடிவம் ஒன்றாக இருந்தாலும் இடைவெளி ஒன்றாக இல்லை. தந்தியின் நீளம் 65 செ.மீ. உள்ள கிட்டாரில் முதல் ஃப்ரெட்டின் அகலம் சுமார் 3.6 செ.மீ. ஐந்தாவது சுமார் 2.9 செ.மீ. பன்னிரண்டாவது 2 செ.மீ.கூட இல்லை. கை நகர நகர விரல்களும் நெருங்க வேண்டும். இதை மூளை கணக்குப் போட்டுச் செய்ய முடியாது. விரலுக்கே தெரிய வேண்டும். அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். இரண்டு வாரம் மாங்கு மாங்கென்று அழுத்தினால் விரல் நுனி கன்றிப்போவதுதான் மிச்சம்!

"அதான் கேபோ இருக்கே" என்று சிலர் சொல்வார்கள். கேபோ என்பது கழுத்தில் மாட்டுகிற கிளிப். நல்ல பொருள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஓர் இடத்தில் மாட்டினால் பாட்டு முடியும்வரை அது அங்கேயே இருக்கும். விரல்தான் பாட்டோடு கூடவே ஓடும்.

இன்னொரு பேச்சும் உண்டு. "பொம்பளப் பிள்ளைக்குக் கை சின்னது, பார் வராது. நீங்க பாடுங்க, பசங்க வாசிக்கட்டும்" என்பது. இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்! ஆள்காட்டி விரல் ஆறு தந்தியையும் முழுப் பலத்தோடு அழுத்தத் தேவையே இல்லை. எஃப் வடிவத்தில் ஐந்தாவது தந்தியை மோதிர விரலும், நான்காவதைச் சுண்டு விரலும், மூன்றாவதை நடு விரலும் பார்த்துக்கொள்ளும். ஆள்காட்டி விரலுக்கு மிச்சம் இருப்பது ஆறாவது, இரண்டாவது, முதல் தந்தி மட்டுமே. விரலைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து, ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் வைத்தால் பாதி பலம் போதும். பெல்ஜியத்தில் பிறந்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928-இல் தீ விபத்தில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிப்போயின. அவர் மீதி விரல்களை வைத்தே உலகப் புகழ் பெற்றார். அப்படியிருக்க, ஐந்து விரலும் நன்றாக இருக்கிற எங்களுக்கு என்ன குறை?

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். எங்கள் தெருவில் மாதா கோயில் பாடல் குழுவில் வாசிக்கிற அண்ணன் சொல்லித் தந்தது. முதல் ஃப்ரெட்டில் ஆரம்பிக்காதீர்கள், அங்கேதான் தந்தி ரொம்ப முறுக்கும். ஐந்தில் ஆரம்பியுங்கள். சுவர்க் கடிகாரம் ஒரு நிமிஷத்துக்கு 60 தடவை 'டிக்' சொல்லும், அதுதான் தாளம். நான்கு டிக் ஐந்தாவது ஃப்ரெட், நான்கு டிக் மூன்றாவது, மறுபடி ஐந்தாவது. நகரும்போது விரலைத் தூக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். கட்டை விரலும் கூடவே போகட்டும். கை புறப்படும் முன்பே கண் அடுத்த ஃப்ரெட்டுக்குப் போய்விட வேண்டும். சுத்தமாக வந்த பிறகு வேகம் கூட்டலாம். வலித்தால் நிறுத்திவிட்டு நாளைக்கு வாசியுங்கள்.

"அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பார்கள். அடிக்க அம்மி கையில் இருக்க வேண்டாமா?

படிப்பு கெட்டுவிடும் என்று பெற்றோர் பயப்படலாம். நாங்கள் கேட்பது பாடவேளையை அல்ல, மதிய இடைவேளையில் கால் மணி நேரம். உடைந்துவிடும் என்று ஆசிரியர்கள் பயப்படலாம். பீரோவில் கிடந்தாலும் தந்தி துருப்பிடிக்கத்தானே செய்யும்? நூலகத்தில் இருப்பது மாதிரி ஒரு நோட்டுப் போடுவோம். எடுத்தவர் பெயர், எடுத்த நேரம், திருப்பி வைத்த நேரம் எல்லாம் எழுதுவோம். ஒரு நாளைக்கு ஒரு கிட்டாருக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் மாணவி. இரண்டு கிட்டாருக்கு நான்கு பேர். வாரம் ஐந்து நாளில் இருபது பேருக்கு முறை வரும். முறை இல்லாத நாளில் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடலாம், தப்பு எங்கே என்று கேட்கலாம். இந்த நோட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நானே ஏற்கத் தயார்.

தலைமையாசிரியர் அவர்களே, கிட்டார் வாங்கித் தந்ததற்கு நன்றி. பீரோச் சாவியையும் தினமும் கால் மணி நேரம் தாருங்கள். தோழிகளே, உங்களுக்கும் ஆசை இருந்தால் இந்தத் தாளுக்குக் கீழே உங்கள் பெயரை எழுதுங்கள்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி